வில்ஃபிரட் வருவதற்கு முன் வீட்டில் செய்த திருத்தங்கள்

1

நான் இங்கிலாந்துக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அன்று தபாலில் ஒரு கையேடு வந்தது. பதினாறு பக்கம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். புதிதாக வருபவரை வீட்டில் எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது பற்றியது. அவருக்கு உங்கள் பாஷை தெரியாது, பொறுமையாக இருங்கள். மாடிப்படி ஏறிப் பழக்கமில்லை, அவசரப்படுத்தாதீர்கள். கண்ணாடிக் கதவு என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை, மோதிக்கொள்வார், ஆகவே அதில் ஏதாவது ஒட்டி வையுங்கள். முதல் மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருக்கலாம், வருந்தாதீர்கள். அவராக அருகில் வரும்வரை தொடாதீர்கள், முறைத்துப் பார்க்காதீர்கள்.

புதிதாக வருபவர் என்றது நாயை.

நான் வந்து இறங்கியபோது எனக்காக யாரும் கையேடு அச்சடிக்கவில்லை. நானும் கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டவன்தான். வேலையில் சேர்ந்த இரண்டாம் நாள், அலுவலக வாசலில். மூக்கு வீங்கியது. கூட வேலை பார்த்தவர்கள் கதவில் எதையும் ஒட்டவில்லை. ஒரு வாரம் சிரித்தார்கள். மூன்று நாள் அல்ல, பதினேழு நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. டைரியில் இருக்கிறது. மயிலாடுதுறையில் ஓர் உரக்கடை மாடியில் கம்ப்யூட்டர் படித்து, ஊரில் இருந்த பாதிப் பையன்கள் விமானம் ஏறிய அந்த வருடங்களில் நானும் ஏறியவன். எங்களையெல்லாம் யாரும் தொடவும் இல்லை என்பது உண்மை. அந்த ஒரு விதியை மட்டும் கச்சிதமாகக் கடைப்பிடித்தார்கள்.

2

நாய் எனக்கு வேண்டியதில்லை. கேட்டது என் மகள் கயல்விழி. பதினைந்து வயது. நான்கு வயதில் இங்கே வந்தாள். என்னோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை, அதுவும் ஆங்கிலத்தில். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். திட்டுவதை அம்மாவிடம் படித்திருக்கிறாள். எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போய்க் கூண்டு கழுவுகிறாள். வீட்டில் தட்டு கழுவச் சொன்னால் அவளுக்குப் பரீட்சை வந்துவிடும்.

அந்தக் காப்பகத்தில் இருப்பவை பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற நாய்கள். குச்சிக்கால், ஒட்டிய வயிறு, விலா எலும்பை எண்ணலாம். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு நாய் தெருவில் நின்றால் வளர்க்கிறவனைக் காறித் துப்புவார்கள். இங்கே இது உயர்ந்த ஜாதி. பிறந்ததிலிருந்து கூண்டிலேயே இருந்ததால் வீடு என்றால் என்னவென்றே தெரியாதாம். அவற்றில் கறுப்பாக ஒன்று, ஐந்து வயது. பெயர் வில்ஃபிரட். கயல் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

காப்பகத்தின் விதி இது: விண்ணப்பம் எழுத வேண்டும். பிறகு ஓர் ஆய்வாளர் வந்து வீட்டைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் நாய் பட்டியலில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அந்த அடுத்த குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் புல்வெளி உண்டு என்று கயல் விசாரித்து வைத்திருந்தாள். சமையலறை வாசலில் நின்று என்னிடம் தமிழில் சொன்னாள்.

"அப்பா, இது கெட்டுப்போச்சுன்னா, அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட எதுவுமே கேக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

3

விண்ணப்பத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். இந்த நாட்டின் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோதுகூட என் தோட்டத்து வேலியின் உயரத்தை யாரும் கேட்கவில்லை. நான் கோபக்காரனா, வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவோமா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டில் ஆள் இருப்பார்கள், நாய் கம்பளத்தை நனைத்தால் என்ன செய்வேன் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். என்னைக் குடிமகனாக்கியவர்களுக்கு நான் கம்பளத்தை நனைப்பேனா என்ற சந்தேகம் இருக்கவில்லை. அந்த அளவில் எனக்கு மரியாதைதான்.

முப்பத்தொன்றாம் கேள்வி: இதற்கு முன் நீங்கள் வளர்த்த பிராணிகள் எவை? அவை என்ன ஆயின?

எதுவும் இல்லை என்று எழுதினேன். மற்ற நாற்பத்தொரு பதில்களும் உண்மையானவை.

வாரத்தில் மூன்று நாள் நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் 'பகலில் நாயின் பொறுப்பாளர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வாங்கினாள் கயல்.

4

வேலைகள் தொடங்கின. வேலி ஆறடி இருக்க வேண்டும் என்றது கையேடு. அளந்தேன்: ஐந்தடி ஏழு அங்குலம். ஐந்தங்குலத்துக்காக இரண்டு வார இறுதிகள் மரச்சட்டம் அடித்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். பதினோரு வருடத்தில் என்னோடு பேசியது மூன்று முறை, மூன்றும் மழை பற்றி. நாய் வருகிறது என்று தெரிந்ததும் வேலிக்கு மேல் தலையை நீட்டி, தன் செத்துப்போன நாயின் கதையை நாற்பது நிமிடம் சொன்னார். கண் கலங்கினார். என் பெயரை அன்றுதான் கேட்டார். எங்கள் அப்பா இறந்து நான் ஊருக்குப் போய் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது, கோடைக்கு வசதியாக இருக்குமே என்று சொன்ன அதே மனிதர்.

கண்ணாடிக் கதவில் நாயின் கண்மட்டத்தில் காகித மீன்களை ஒட்டினேன். குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டேன். என் மனைவி சுமதி திருவிடைமருதூர்க்காரி. சாமி படங்கள் எல்லாம் சமையலறையில் கீழ்த்தட்டில் இருந்தன. அவற்றை மேலே ஏற்றும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நாயி நடமாடற உசரத்துக்கு மேல சாமி. நல்லாருக்குங்க நம்ம வாழ்க்கை."

"நாய் மாடிக்கு ஏறினா?"

"ஏறத் தெரியாதுன்னு பொஸ்தகத்துல போட்டுருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப சாமிய மாடியிலயே வச்சுட்டா என்ன?"

சாமி மாடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து அண்ணன் பேசுவார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆற்றில் தண்ணீர் விடாததால் குறுவைக்கு நாற்று விடலாமா வேண்டாமா என்ற தவிப்பில் இருந்தவர்.

"ஏன்டா, ஒன் வீட்டப் பாக்க ஆபீசர் வர்றாராமே? எதுக்கு, லோனுக்கா?"

"நாய்க்குண்ணே."

"நாயி லோன் கேட்டுருக்கா?"

"வீடு நாய்க்குத் தோதா இருக்கான்னு பாப்பாங்க."

"இங்க வயக்காட்டுல தண்ணி இருக்கான்னு பாக்க ஒருத்தன் வர மாட்டேங்கறான். அது பேரு என்ன சொன்னே?"

"வில்ஃபிரட்."

"கான்வென்ட்டு எச்.எம். பேரு மாதிரில்ல இருக்கு. பேரச் சொல்லிக் கூப்புடுவியா, சார்னு கூப்புடுவியா?"

பிறகு வழக்கம்போல் கயலிடம் பேசக் கேட்டார். நான் போனைக் கொடுத்துவிட்டு வேலி அடிக்கப் போனேன். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

5

ஆய்வு சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு.

ஒரு வீட்டுக்கு அதிகாரம் உள்ள ஓர் அந்நியர் வந்து சுற்றிப் பார்ப்பது என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெண் பார்க்க வருவது. சுமதி ஆறு மணிக்கே எழுந்து கேசரி கிளறினாள். வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு கரைத்தாள். பட்டுப்புடவை கட்டவில்லை, கட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். நான் இஸ்திரி போட்ட சட்டை. கயலைத் தலை வாரச் சொன்னோம். அவள் எங்களைப் பார்த்த பார்வையை மொழிபெயர்க்க விரும்பவில்லை.

வீடு சுத்தமாக இருந்தால் போதாது, சுத்தமான வாசனையும் வர வேண்டும் என்று முந்தின நாள் எனக்குத் தோன்றியது. ஊருக்குப் போகும்போதெல்லாம், பூச்சி வராமல் போடுகிற பாச்சா உருண்டை வாங்கிவந்து வைத்திருப்பேன். விருந்தாளி வருகிறார் என்றால் அலமாரி, கை கழுவும் தொட்டி, கழிவறை எங்கும் இரண்டிரண்டு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வாசனை வந்தால்தான் வீடு துடைத்ததாக அர்த்தம். நான் குறையாகச் செய்கிறவன் இல்லை. சோபாவுக்கு அடியிலும், படிக்கட்டு மூலையிலும், நாய்க்காக வாங்கிய மெத்தையின் நான்கு பக்கத்திலும் சேர்த்து முப்பத்தெட்டு உருண்டைகள் வைத்தேன். கணக்கு சரி.

வந்தவர் பெயர் ஜேனட். அறுபது வயதிருக்கும், மழைக்கோட்டு, கையில் தாள் செருகிய அட்டை. வாசலில் கால் வைத்ததுமே நின்றுவிட்டார். மூக்கைத் தூக்கினார். நேராக நாய் மெத்தைக்குப் போய்க் குனிந்து ஓர் உருண்டையை எடுத்தார்.

"இது என்ன?"

சுத்தத்துக்கு என்றேன். எங்கள் நாட்டு வழக்கம் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

"இதை ஒரு நாய் விழுங்கினால் செத்துப்போகும்," என்றார். "ஒன்று போதும்."

கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் அது இருந்தது. வீட்டில் இருக்கக் கூடாதவை என்ற பட்டியலில், சாக்லேட்டுக்கும் உலர்திராட்சைக்கும் அடுத்தது. அந்தப் பட்டியலை நான் படித்திருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே பென்சிலால் சரி போட்டிருந்தேன். சமையலறையிலிருந்து சாக்லேட்டை அப்புறப்படுத்தினேன். உருண்டைகளோ என் கண்ணுக்கு ஒரு பொருளாகவே படவில்லை. அது வீட்டின் வாசனை. வாசனையை எவன் விஷம் என்பான்?

சுமதி அந்த நேரம் பார்த்துக் கேசரித் தட்டோடு வந்தாள். ஒவ்வொரு துண்டிலும் நெய்யில் வறுத்த திராட்சை மினுங்கியது. ஜேனட் அதைப் பார்த்துவிட்டு அட்டையில் இன்னொரு வரி எழுதினார். ஆனால் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

போகும்போது சொன்னார்: வேலி நன்றாக இருக்கிறது, மீன்கள் அழகாக இருக்கின்றன. ஒரு வாரம் தருகிறேன். உருண்டை எல்லாம் போய், மெத்தையை மாற்றி, வாசனையும் போயிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்து முடிவு சொல்கிறேன்.

6

கதவு சாத்தியதும் கயல் தமிழுக்கு மாறினாள்.

"வேணும்னேதானே பண்ணீங்க?"

"என்னது?"

"உங்களுக்கு நாய் வேண்டாம். எனக்குத் தெரியும். சொல்லத் தைரியம் இல்ல, அதான் விஷம் வச்சீங்க."

"கயல், மரியாதையாப் பேசு," என்றாள் சுமதி.

"நீ சும்மா இரும்மா. பெரியப்பா சொன்னாரு. சின்ன வயசுல அப்பா ஒரு நாய்க்குட்டிய சாக்குல கட்டிக் கொண்டுபோய்ப் போட்டாராம். பெரிய ஜோக் மாதிரி சொல்லிச் சிரிச்சாரு. ஃபார்ம்ல என்ன எழுதினீங்கப்பா? நான் பாத்தேன். எதுவும் இல்லைன்னு எழுதினீங்க."

நான் வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் அடுத்துச் சொல்லும் உண்மையை யாரும் நம்ப வேண்டியதில்லை. அவள் நம்பவில்லை. மாடிக்குப் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் என்னோடு பேசிய வார்த்தைகள் பூஜ்யம்.

7

உருண்டைகளைப் பொறுக்கினேன். முப்பத்தேழு கிடைத்தன. முப்பத்தெட்டாவதைத் தேட சோபாவின் அடித்துணியைக் கிழிக்க வேண்டியிருந்தது. கிடைத்தது. மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினேன். ஒரு வாரம் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தோம். சுமதி வீட்டுக்குள் சால்வை போர்த்திக்கொண்டு, "கட்டிக்கிட்டு வரப்ப இதெல்லாம் சொல்லலியே நீங்க," என்று சொல்லிக்கொண்டே சமைத்தாள்.

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து முப்பத்தொன்றாம் கேள்விக்குத் திருத்தம் எழுதினேன். அதன் தமிழ் இது:

'எனக்குப் பதினோரு வயது. களத்தில் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. பெயர் வைக்கவில்லை. நானும் என் அண்ணனும் இருபது நாள் சோறு வைத்தோம். அது வைக்கோல் போரில் ஏறிப் படுத்து அதைக் கலைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரச் சொன்னார் அப்பா. எங்கள் பக்கத்தில் வேண்டாத நாயை அப்படித்தான் செய்வார்கள். கொல்வது பாவம், ஆறு தாண்டினால் நம் கணக்கில் இல்லை. அண்ணன் சைக்கிள் மிதித்தார். நான் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஒரு செங்கல் சூளை அருகே விட்டோம்.'

இதுவரை அண்ணன் அறிந்தது. அவர் சிரித்துச் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும். மீதி அவருக்கே தெரியாது. அதையும் எழுதினேன்.

'நான்காம் நாள் அது திரும்பி வந்துவிட்டது. ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை, மணலில் நடந்து வந்திருக்கும். அண்ணன் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டு என்னிடம், ஒரு வேலை கொடுத்தால் உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுபடி கொண்டுபோய் விடும்படி அவர் சொல்லவில்லை. நானாகச் சாக்கை எடுத்தேன். தனியாகச் சைக்கிள் மிதித்து, காவிரியைத் தாண்டி, கொள்ளிடம் வரை போனேன். அங்கே தண்ணீர் இருந்தது. அதற்கும் அந்தப் பக்கம் விட்டேன். அது என் சைக்கிளின் பின்னால் பாலத்தின் பாதி வரை ஓடி வந்தது. நான் கல்லால் அடித்தேன். பிறகு வரவில்லை.'

எழுதி முடித்ததும் மேஜை மேல் வைத்தேன். கயல் பள்ளியிலிருந்து வந்து படிப்பாள் என்று தெரிந்துதான் வைத்தேன். வந்தாள், நின்றபடியே படித்தாள். திரும்ப ஒரு முறை படித்தாள்.

"இத அனுப்பப் போறீங்களா?"

"ஆமா."

"அப்பா, இத அனுப்பினா நாய் தர மாட்டாங்க."

"ஃபார்ம்ல தப்பா எழுதினேன்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன். அதுக்காக?" பையைக் கீழே வைத்தாள். "கல்லால அடிச்சத எடுத்துடலாம்ல? அது கேக்கல அவங்க."

"என்ன ஆயினன்னு கேட்டிருக்காங்க."

"உங்களுக்குப் பைத்தியம்," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்து, என் ஆங்கிலத்தில் ஆறு இடத்தைத் திருத்தினாள். கல் இருந்த வரியைத் தொடவில்லை.

8

சனிக்கிழமை ஜேனட் வந்தார். வாசலில் மூக்கைத் தூக்கினார், தலையசைத்தார். மெத்தையைப் பார்த்தார். சோபாவின் கிழிசலைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. நான் தாளைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு சமையலறையில் நின்றே படித்தார். ஆத்திரப்பட்டால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன். பந்தயத்தில் தோற்ற நாய்களை உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள், உங்கள் காப்பகம் ஏன் நிரம்பி வழிகிறது என்று கேட்க இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் தயார் செய்து வைத்திருந்தேன். நல்ல வாக்கியங்கள். அவர் ஆத்திரப்படாததால் வீணாகிவிட்டன.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கயலிடம் கேட்டார்.

"பகல் முழுக்க நாயோடு இவர்தான் தனியாக இருப்பார். உனக்குச் சம்மதமா? நீ சொல்வதைத்தான் எழுதப்போகிறேன்."

சுமதி அடுப்பை அணைத்துவிட்டாள். என்னைப் பற்றி இதுவரை எத்தனையோ அதிகாரிகள் முடிவு செய்திருக்கிறார்கள். தூதரகத்தில், விமான நிலையத்தில், குடியுரிமை அலுவலகத்தில். எங்கும் என் மகளைக் கேட்டு முடிவு செய்ததில்லை. கயல் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சம்மதம்," என்றாள். "அவர் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் அரைகுறையாக விடமாட்டார். அதுதான் அவரிடம் இருக்கிற கோளாறு."

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், ஜேனட்டுக்குப் புரியாதபடி சொன்னாள்:

"இந்தத் தடவ வேலை என்னன்னு நான் சொல்றேன். அத மட்டும் செய்யுங்கப்பா."

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்கு வில்ஃபிரட்டைக் கொண்டுவந்தார்கள். எனக்குத் தரப்பட்ட வேலை, கூடத்துத் தரையில் உட்கார்ந்து, அதைக் கூப்பிடாமல், பார்க்காமல், அதுவாக வரும்வரை காத்திருப்பது. ஐந்து ஐம்பது வரை உட்கார்ந்திருந்தேன். முழங்கால் மரத்துப்போயிற்று. அது வரவில்லை. கயல் படியில் உட்கார்ந்து என்னைக் கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்துக்கவா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா," என்றாள். "இருங்க."

இருந்தேன்.